புது பைபர் லைன் வந்தாச்சு. ஆபீசின் சாவி யார் கையில்?

லைன்மேன் கிளம்புவதற்கு முன் கவனிக்க வேண்டிய வேலைகள்

சென்னை,

பழைய டெலிபோன் ஒயரை கழற்றிப் போட்டு விட்டு பைபர் லைனுக்கு மாறுகிற ஆபீஸ்களில் மறுநாள் காலையில் ஒரே கூச்சல்.

"பிரிண்டர் வேலை செய்யலை சார்!"

"கேமரா தெரியலை!"

"பில் போட முடியலை, கஸ்டமர் நிக்கிறாங்க!"

இன்டர்நெட் மட்டும் பந்தயக் குதிரை மாதிரி ஓடுகிறது. ஆபீஸ் வேலை நொண்டி அடிக்கிறது.

கோளாறு லைனில் இல்லை. லைனோடு வந்த பெட்டியில் இருக்கிறது. அந்த பெட்டிக்கு பெயர் "ரூட்டர்".

லைன் இழுக்க வருகிறவர் சுவரில் பெட்டியை மாட்டுவார். பச்சை விளக்கு எரிவதை காட்டுவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிடத்துக்கு கிளம்பி விடுவார். லைன் கொடுப்பது அவர் வேலை. அது முடிந்து விட்டது. பெட்டியை அந்த ஆபீசுக்கு தகுந்தபடி சரி செய்வது யார் வேலை? அதை யாரும் கேட்பது இல்லை.

வேலை நின்று போவது ஒரு நாள் கஷ்டம். அதைவிட பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. அந்த பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது பல முதலாளிகளுக்கு தெரியவே தெரியாது.

செம்பூர் ஆபீசை தேடி வந்த போலீஸ்

2008-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி டெல்லியில் வரிசையாக குண்டுகள் வெடித்தன. அதற்கு பொறுப்பு ஏற்று ஒரு ஈ-மெயில் பறந்தது.

மெயில் எங்கே இருந்து வந்தது என்று போலீசார் துப்பு துலக்கினார்கள். மும்பை செம்பூரில் உள்ள ஒரு தனியார் கம்பெனி ஆபீசில் போய் நின்றது!

அந்த கம்பெனிக்கும் குண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவர்களுடைய வைபையில் வெளி ஆட்கள் புகுந்து மெயிலை அனுப்பி விட்டு போய் விட்டார்கள்.

அதற்கு 7 வாரம் முன்பு, ஜூலை 26-ந் தேதி, ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அப்போது வந்த மெயிலும் இதே கதைதான். நவி மும்பையில் குடி இருந்த ஒரு அமெரிக்கரின் வைபை வழியாக அது போய் இருந்தது. போலீசார் அவரை துருவித் துருவி விசாரித்தார்கள்.

2009-ம் ஆண்டு ஜனவரியில், பூட்டு போடாத வைபை எங்கே எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலையில் மும்பை போலீசாரே இறங்கினார்கள்.

இதில் இருந்து தெரிவது ஒன்றுதான். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் போலீஸ் முதலில் வந்து நிற்கும். "நான் இல்லை சார்" என்று நிரூபிக்க அலைய வேண்டியவரும் அவரேதான்.

சாவி ஒன்று அல்ல, இரண்டு

ரூட்டருக்கு இரண்டு சாவிகள் உண்டு.

ஒன்று, வைபை பாஸ்வேர்டு. இது எல்லோருக்கும் தெரிந்தது. டீ கொண்டு வருகிற பையன் வரைக்கும் தெரியும்!

மற்றொன்று, பெட்டியையே திறக்கிற பாஸ்வேர்டு. யாரை உள்ளே விடுவது, யாரை தடுப்பது, லைனை எந்தப் பக்கம் திருப்புவது என்று எல்லாம் இதற்குள் இருக்கிறது. இதுதான் பீரோ சாவி. இதைத்தான் யாரும் மாற்றுவது இல்லை.

பழைய பெட்டிகள் பலவற்றில் பெயரும் "அட்மின்", பாஸ்வேர்டும் "அட்மின்". ஊர் அறிந்த ரகசியம்! இப்போது வருகிற பெட்டிகள் பலவற்றில் தனித்தனி பாஸ்வேர்டு இருக்கிறது. ஆனால் அதை அடியில் ஸ்டிக்கரில் ஒட்டி இருக்கிறார்கள். ஸ்டிக்கரை செல்போனில் ஒரு போட்டோ எடுத்தவன் சாவிக்காரன் ஆகி விடுகிறான்.

2017-ம் ஆண்டு ஜூலையில் கர்நாடகத்தில் என்ன நடந்தது? பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்து இருந்தவர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் திடீர் என்று படுத்து விட்டன. "அட்மின்" என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட மோடம்களில் வைரஸ் புகுந்து விட்டது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை போனது.

2016-ம் ஆண்டு உலகத்தையே கலக்கிய "மிராய்" வைரசும் இதே வழியில் வந்ததுதான். கண்காணிப்பு கேமராக்களிலும் ரூட்டர்களிலும் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுகள் 60-க்கு மேல் அதன் கையில் இருந்தன. ஒவ்வொன்றாக போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி இந்த கேமராக்களை எல்லாம் ஏவி விட்டு அடித்த அடியில் டுவிட்டர் உள்பட பெரிய பெரிய தளங்கள் முடங்கின. யாரோ ஒரு கடைக்காரரின் கேமரா, அவருக்கே தெரியாமல் அடியாள் வேலை பார்த்து இருக்கிறது!

பணத்துக்கும் ஆபத்து

"என் ஆபீசில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. பேங்க் கணக்கு இருக்கிறதே!

பேங்கின் பெயரை கம்ப்யூட்டரில் தட்டினால் அதன் நம்பர் என்ன என்று தேடி எடுத்துக் கொடுக்க ஒரு முகவரி புத்தகம் வேண்டும். எந்த புத்தகத்தை பார்ப்பது என்று சொல்வது ரூட்டர். அதில் கை வைத்து விட்டால், பேங்க் பெயரை சரியாகத் தட்டினாலும் போலி பேங்கில் கொண்டு போய் விடும்.

இது கற்பனை அல்ல. பிரேசில் நாட்டில் 2011-ம் ஆண்டு சுமார் 45 லட்சம் மோடம்களில் இப்படி கை வைத்து, பேங்க் வாடிக்கையாளர்களை ஏமாற்றினார்கள்.

பிரிண்டர் மாயமானது எப்படி?

மறுநாள் காலை கூச்சலுக்கு வருவோம்.

பாரிமுனை தம்பு செட்டி தெருவில் ஒரு மாடி ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்சி. 5 கம்ப்யூட்டர், 2 பிரிண்டர், 4 கேமரா.

வெளி உலகத்துக்கு அந்த ஆபீசுக்கு விலாசம் ஒன்றுதான். உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு நம்பர். அந்த நம்பரை கொடுப்பது ரூட்டர். லாட்ஜில் ரூம் நம்பர் கொடுப்பது மாதிரி.

பழைய ரூட்டரின் நம்பர் 192.168.1.1 என்று இருக்கும். பிரிண்டருக்கு 192.168.1.50 என்று நிரந்தரமாக போட்டு வைத்து இருப்பார்கள். எல்லா கம்ப்யூட்டரும் அந்த நம்பரில்தான் பிரிண்டரை தேடும்.

புது பெட்டி வந்தது. அதன் நம்பர் 192.168.0.1. கம்ப்யூட்டர்கள் எல்லாம் புது வரிசையில் நம்பர் வாங்கிக்கொண்டன. பிரிண்டர் மட்டும் பழைய நம்பரிலேயே உட்கார்ந்து இருக்கிறது. ஒன்றை ஒன்று பார்க்க முடியவில்லை. தெருப் பெயரை மாற்றி விட்டார்கள். ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லவில்லை!

இதற்கு வைத்தியம் சுலபம். பழைய ரூட்டரை கழற்றுவதற்கு முன் அதன் நம்பரை குறித்துக்கொள்ள வேண்டும். புது பெட்டிக்கும் அதே நம்பரை போட வேண்டும். அவ்வளவுதான். பிரிண்டர், பில் மெஷின், டாலி கணக்கு இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். 5 நிமிட வேலை. தெரியாமல் போனால் ஒரு நாள் வேலை.

வாசலில் இரண்டு வாட்ச்மேன்

"நல்ல ரூட்டர், 3,000 ரூபாய் கொடுத்து வாங்கினது. ஏன் தூக்கிப் போடணும்?" என்று பழைய ரூட்டரையும் புது பெட்டியின் பின்னால் மாட்டி விடுவார்கள்.

இப்போது வாசலில் இரண்டு வாட்ச்மேன். இரண்டு பேரும் டோக்கன் கொடுக்கிறார்கள். ஒருவர் கொடுத்த டோக்கன் மற்றவருக்கு செல்லாது. பாதி கம்ப்யூட்டருக்கு பிரிண்டர் தெரியும், பாதிக்கு தெரியாது.

பழையதும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றுக்குத்தான் வாட்ச்மேன் உத்தியோகம். பழைய ரூட்டரில் நம்பர் கொடுக்கும் வேலையை நிறுத்த வேண்டும். டி.எச்.சி.பி. என்று இருப்பதை "ஆப்" செய்ய வேண்டும். அதற்கு வேறு ஒரு நம்பரை போட்டு, புது பெட்டியில் இருந்து வரும் ஒயரை லேன் போர்ட்டுகளில் ஒன்றில் சொருக வேண்டும். தனியாக இருக்கும் இன்டர்நெட் போர்ட்டில் சொருகக் கூடாது. பிறகு அது வைபை மட்டும் கொடுத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

நேர் எதிராகவும் செய்யலாம். கம்பெனி பெட்டியை "பிரிட்ஜ்" முறைக்கு மாற்றச் சொல்லி விட்டு, எல்லா பொறுப்பையும் சொந்த ரூட்டரிடம் கொடுக்கலாம். அதற்கு லைன் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேமரா ஏன் தெரியவில்லை?

முதலாளி வீட்டில் இருந்தபடியே செல்போனில் கடையை பார்த்துக்கொண்டு இருந்தார். லைன் மாறியதும் படம் வரவில்லை.

கேமராவில் கோளாறு இல்லை. பழைய லைனில் ஆபீசுக்கு என்று தனி விலாசம் கிடைத்து இருக்கும். இப்போது பல கம்பெனிகள் ஒரே விலாசத்தை பல வாடிக்கையாளர்களுக்கு பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ஒரே காம்பவுண்டு, ஒரே கதவு எண், உள்ளே 20 குடித்தனம் என்கிற கதை. உள்ளே இருந்து வெளியே போகலாம். வெளியே இருந்து வருகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது.

இதை கண்டுபிடிப்பதும் சுலபம். ரூட்டருக்குள் வெளி விலாசம் என்ன என்று பார்க்க வேண்டும். அது 100.64-ல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால் கூட்டுக் குடித்தனம்தான்.

கேமரா கம்பெனியின் செல்போன் ஆப் வழியாக பார்ப்பவர்களுக்கு பெரும்பாலும் கஷ்டம் இல்லை. நம்பரை தட்டி நேராக பார்ப்பவர்கள் "ஸ்டாட்டிக் ஐ.பி." என்கிற தனி விலாசம் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு தனி கட்டணம் உண்டு. லைனுக்கு பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு விடுவது நல்லது.

300 வாங்கினால் 100 தான் வருகிறதா?

256 கிலோபிட் வேகம் இருந்தாலே "பிராட்பேண்ட்" என்று 2004-ம் ஆண்டில் மத்திய அரசு சொன்னது. 2013-ல் அது 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆனது. இப்போது கடைக்காரரே 100, 200, 300 மெகாபிட் என்று கேட்டு வாங்குகிறார். (எம்.பி.பி.எஸ். என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது டாக்டர் படிப்பு அல்ல, இந்த கணக்குதான்!)

இதிலும் ஒரு குழப்பம். 100 மெகாபிட் என்றால் வினாடிக்கு 100 மெகாபைட் இறங்கும் என்று நினைக்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, வினாடிக்கு 12½ மெகாபைட்தான் வரும். அது ஏமாற்று அல்ல.

300 வாங்கியும் 100-ஐ தாண்டவில்லை என்றால், ஆபீசுக்குள்ளேயே பார்க்க வேண்டும். பழைய ரூட்டர், பழைய ஸ்விட்ச் பெட்டியின் போர்ட்டுகள் 100-க்கு மேல் கொடுக்காது. கேபிளில் 8 கம்பி இருக்க வேண்டிய இடத்தில் 4 கம்பி மட்டும் முறுக்கி இருந்தாலும் 100-ல் நின்று விடும். மெயின் பைப்பை பெரிதாக்கி விட்டு குழாயை மாற்றாத கதைதான்.

வைபையும் அப்படித்தான். அந்த கால கட்டிடங்களில் சுவர் முழங்கை அகலம். 5 கிகாஹெர்ட்ஸ் வைபை வேகம் அதிகம். சுவரை கண்டால் சோர்ந்து விடும். 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். பெட்டியை மூலையில், பீரோவுக்கு பின்னால் மாட்டினால் இரண்டுமே போகாது. நடு ஆபீசில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்ட வேண்டும். பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு ஒயரே நல்லது.

கரண்ட் போனால் போனும் போச்சு

பழைய டெலிபோனுக்கு எக்சேஞ்சில் இருந்தே கரண்ட் வந்துகொண்டு இருந்தது. ஊர் இருட்டாக இருந்தாலும் போன் மணி அடிக்கும். பைபர் அப்படி இல்லை. கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் வரும், கரண்ட் வராது. கரண்ட் நின்றால் நெட்டும் போகும், அதோடு சேர்ந்த போனும் போகும்.

ரூட்டருக்கு என்று 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். கிடைக்கிறது. ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பெட்டியில் "எல்.ஓ.எஸ்." என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழையில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை நோண்டி பிரயோஜனம் இல்லை. கம்பெனிக்கு போன் செய்ய வேண்டும். இழையை மடக்கவும் கூடாது. கழன்ற முனையை கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வருகிற லேசர் கண்ணுக்கு தெரியாது. ஆனால் கண்ணை கெடுக்கும்.

லைன்மேன் கிளம்புவதற்கு முன்...

"இருப்பா தம்பி, ஒரு டீ சாப்பிட்டுட்டு போ" என்று லைன்மேனை உட்கார வைத்து, இவற்றை முடித்துக்கொள்ள வேண்டும்.

1. பெட்டியை திறக்கும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். முதலாளியே தன் கையால் தட்ட வேண்டும். கடைப் பெயர், செல்போன் நம்பர், 12345 கூடாது.

2. வைபைக்கு டபிள்யூ.பி.ஏ.-2 அல்லது டபிள்யூ.பி.ஏ.-3 பூட்டு. டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டு ஓட்டைப் பூட்டு. பொத்தானை அமுக்கினால் சேர்த்துக்கொள்ளும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்தி விட வேண்டும்.

3. "சார், வைபை பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு "கெஸ்ட்" வைபை தனியாக வைக்க வேண்டும். திண்ணை வரைக்கும் வரலாம். உள் அறைக்கு வரக் கூடாது. அதற்கும் பாஸ்வேர்டு வேண்டும். அடிக்கடி மாற்ற வேண்டும்.

4. வெளியே இருந்து பெட்டியை திறக்கும் "ரிமோட் மேனேஜ்மெண்ட்" வசதியை மூட வேண்டும். கம்பெனி தன் வேலைக்கு வைத்து இருந்தால் அது எது என்று கேட்டு தெரிந்துகொள்ள வேண்டும்.

5. ரூட்டரின் சாப்ட்வேரை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஓட்டையை அடைக்கத்தான் புதுசு வருகிறது.

6. லைன்மேன் எதிரிலேயே ஒரு பிரிண்ட், ஒரு பில், ஒரு கேமரா படம், ஒரு போன் கால். நான்கும் வந்த பிறகுதான் கையெழுத்து.

பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை குத்தினால் எல்லாம் சரியாகி விடும் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. பாஸ்வேர்டோடு சேர்த்து லைன் செட்டிங்கும் அழிந்து போகலாம். அப்புறம் கம்பெனி ஆள் வரும்வரை நெட் கிடையாது.

பழைய லைனை உடனே வெட்டாதீர்கள்

மாற்றுவதற்கு நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அல்ல, கணக்குப் புத்தகத்தில்! ஜி.எஸ்.டி. கணக்கு காட்டும் 20-ந் தேதியை ஒட்டி கை வைக்கக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கையில் இருக்கும்.

பழைய லைனை ஒரு மாதம் வைத்து இருக்கலாம். அதை சரண்டர் செய்வதற்கு முன், பல வருடமாக பில் புத்தகத்தில் அச்சடித்து வந்த போன் நம்பர் புது லைனுக்கு வருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். போன நம்பர் திரும்பி வருவது கஷ்டம்.

பழைய ரூட்டரை காயலான் கடைக்கு போடுவதற்கு முன் அதில் உள்ளதை அழிக்க வேண்டும். குண்டூசி ஓட்டைக்கு அப்போதுதான் வேலை!

புது பாஸ்வேர்டு இரண்டையும், லைன் யூசர் பெயரையும், ரூட்டர் நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வைக்க வேண்டும். ரூட்டர் மேலேயே ஒட்டி வைக்கக் கூடாது. வேலையை விட்டு ஒருவர் போனால், கல்லா சாவியை வாங்கிக்கொள்வது போல் அன்றைக்கே பாஸ்வேர்டையும் மாற்றி விட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பேங்க் கணக்கில் பணம் போய் விட்டால், 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.